புயற்காலத்தில் பல இலாகாக்களின் கூட்டு வேலை

1999 அக்டோபர் 29ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயல் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். புயல் வருமென வானிலை இலாகா முன்னரே அறிவித்திருந்தது. எனினும் கரையோரத்தில் காப்பிடங்கள் மிகச் சிலவே இருந்தன. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தமையால், எந்தக் கிராமத்திற்கு என்ன நேர்ந்ததென்பது தலைநகரில் இருந்தோர்க்கு உடனே தெரியவில்லை.

2013 அக்டோபர் 12ஆம் தேதி அம்மாநிலத்தையே ‘பைலின்’ புயல் கோபால்பூர் அருகே தாக்கியது. இதுவும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமுடையதே. ஆயின் சுமார் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது.

இடைக்காலத்தில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மத்தியில் பிரதம மந்திரியையும், மாநிலத்தில் முதலமைச்சரையும், மாவட்டத்தில் கலெக்டரையும் தலைவர்களாகக் கொண்ட அமைப்புகளுக்கு வகை செய்தது. 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை தோன்றியது. சட்டம் இயற்றுவது எளிது. வெவ்வேறு இலாகாக்களை ஒரே கடிகாரத்தைப் பார்க்கச் செய்வதே அரிது.

அக்கடிகாரத்தை வானிலை இலாகா அளிக்கிறது. கரையோரத்தில் கடும் வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்பே உயர் அதிகாரிகளுக்கு முதற்குறிப்பு செல்கிறது. 48 மணி, 24 மணி, 12 மணி என அடுத்த அறிவிப்புகள் தொடர்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் மீன்துறையார் படகுகளைத் திருப்பியழைப்பதும், இரயில்வேயார் வண்டிகளை நிறுத்துவதும், உணவு இலாகா அரிசியை முன்னதாகக் கொண்டு சேர்ப்பதும் அவரவர் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புயல் கடந்தபின் வேலைகளின் வரிசை மேலும் முக்கியமாகிறது. சாலையில் வீழ்ந்த மரங்களைத் தீயணைப்புப் படையினர் அறுத்து அகற்றாவிடில் மின்கம்பங்களை ஏற்றிய லாரி செல்லாது. மின்சாரம் இன்றேல் குடிநீர்ப் பம்புகள் இயங்கா. நல்ல நீர் கிடையாவிடில் சுகாதார இலாகாவுக்கு வாந்திபேதி நோயாளிகள் பெருகுவர். ஆகவே மின்வாரியத்தின் தாமதம் எனத் தோன்றுவது பல சமயங்களில் சாலையின் தாமதமேயாகும்.

2010இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட நெறிமுறை, ஒருவருக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க வேண்டும் என்றும், ஒரு மேலதிகாரியின் கீழ் ஐவர் இருப்பது உகந்தது என்றும் கூறுகிறது. மாவட்டத்தில் முழுப் பொறுப்பும் கலெக்டருடையது. வெளியிலிருந்து வரும் படை தன் தளபதியின் கட்டளைப்படியே இயங்கும். எந்த ஊருக்கு முதலில் செல்வதென்பதை மாவட்டக் கட்டுப்பாட்டு அறை குறிக்கும்.