நியூயார்க்கில் விழுந்த அடி, காரைக்குடியில் வலித்தது தெரியுமா?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததே, அந்த அதிர்ச்சி நம்ம காரைக்குடி வரைக்கும் வந்து சேர்ந்தது தெரியுமா? வந்த வழி பர்மா நெல்!

ஊரே கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலம் அது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடைக்கு ஆள் போகும். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கெடு. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அரசின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அன்றைய ரூபாயில் 75 கோடி! வட்டிக்கடைகளில் நகரத்தார் வீட்டு ஆச்சிமாரின் சீதனப் பணமும் கிடந்தது, கோயில் பணமும் கிடந்தது. நடப்பு வட்டி எவ்வளவு என்பதை ரங்கூன் செட்டியார் கோயிலில், முருகன் சந்நிதியில் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம். வட்டி விகிதத்துக்கு இப்படி ஒரு சபை வேறெங்கே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

அமெரிக்காவில் தொடங்கிய மந்தம் உலகைச் சுற்றியது. 1930இல் பர்மா நெல் விலை கிடுகிடுவென இறங்கியது. செட்டியார்களிடம் வாங்கிய கடனை விவசாயியால் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் வயல் வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம்! நிலம் பெருகியதே என்று மகிழ முடியுமா? கையில் ஓட வேண்டிய ரொக்கம் அங்கே சேற்றில் முடங்கிப்போனது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபம் வேறு. இரு கரைக்கும் நஷ்டம்.

அந்த நெருக்கடிக்கு நடுவே, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் ஒரு வங்கி கதவு திறந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கிதான் அது! பிறக்கும்போதே கடல் தாண்டிய வங்கி.

ஓரிடத்தில் விழுந்த அடி இன்னோரிடத்தில் வலிப்பது இன்றைக்கும் அதே கதைதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. ராயல் பேங்க் ஆஃப் கனடா பங்கு டொரண்டோவிலும் விற்கிறது, நியூயார்க்கிலும் விற்கிறது. டாலர் மாற்றுக் கணக்குப் போட்டால் இரண்டு விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரிடத்தில் மலிந்தால் அங்கே வாங்கி இங்கே விற்கக் கணினிகள் காத்திருக்கின்றன. அமெரிக்க முதலீட்டாளர் பயந்து விற்றால், எந்தத் தப்பும் செய்யாத கனடாக் கம்பெனியின் விலையும் சேர்ந்து இறங்கும். நம்ம இன்ஃபோசிஸ் பங்குக்கும் மும்பை ஒரு சந்தை, நியூயார்க் ஒரு சந்தை. ராத்திரி அங்கே நடந்தது, காலையில் இங்கே தெரியும்.

பழைய பர்மா கதைக்குத் திரும்புவோம். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கானாடுகாத்தானுக்கு வந்தால், வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நூறு வருடம் ஆகியும் வழவழவென்று இருக்கும். ரங்கூன் பணம் மரமாக வந்து நின்ற இடம் அது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரங்கூன் கணக்குப் பேரேடோ ஐந்தொகையோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.