கவர்னர் போனா அடுத்தது யாரு? நூறு வருஷம் காணாமல் போய்த் திரும்பி வந்த மேரிலாந்து துணை ஆளுநர் பதவி!

ஹைதராபாத்தில் பிறந்து, 7 வயதில் அமெரிக்கா போனவர் அருணா மில்லர். 2023 ஜனவரி 18ஆம் தேதி பகவத் கீதை மீது கை வைத்து, மேரிலாந்து மாநிலத்தின் துணை ஆளுநராகப் பதவியேற்றார். நம்ம ஊர் சோஷியல் மீடியாவில் அந்த வீடியோ வலம் வந்தபோது பலருக்கும் வந்த சந்தேகம், "துணை ஆளுநர்னா, நம்ம புதுச்சேரியில் இருக்கிற மாதிரியா?" என்பதுதான்.

இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், லெப்டினன்ட் கவர்னர். ஆனால் வேலை வேற. புதுச்சேரி, டெல்லி போன்ற யூனியன் பிரதேசங்களின் துணைநிலை ஆளுநரை குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. அமெரிக்காவில் கவர்னர் என்பவர் நம்ம முதலமைச்சர் மாதிரி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்தான் துணை ஆளுநர். கவர்னர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, பதவி நீக்கம் செய்யப்பட்டாலோ அந்த நாற்காலி இவருக்கு.

இவ்வளவு முக்கியமான பதவியை மேரிலாந்து ஒரு தடவை ஒழித்தே விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது.

*ஒரே ஒருத்தர் உட்கார்ந்த நாற்காலி*

1776இல் எழுதப்பட்ட மேரிலாந்தின் முதல் அரசியலமைப்பில் இந்தப் பதவியே கிடையாது. அப்போது கவர்னரைத் தேர்ந்தெடுத்ததே சட்டமன்றம்தான். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு கவர்னரைத் தேர்வு செய்தது 1838இல்தான் தொடங்கியது.

1864, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அடிமை முறையை ஒழிக்கும் புதிய அரசியலமைப்பை மேரிலாந்து வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 30,174 ஓட்டு, எதிர்ப்பு 29,799. வெறும் 375 ஓட்டு வித்தியாசம்! போர்முனையில் இருந்த வீரர்களின் ஓட்டு மட்டும் இல்லையென்றால் அது தோற்றிருக்கும். அந்த அரசியலமைப்பில்தான் துணை ஆளுநர் பதவி முதன்முதலில் வந்தது. மாநில செனட்டுக்குத் தலைமை தாங்குவதும் அவர் பொறுப்பு. கிறிஸ்டோபர் காக்ஸ் என்ற மருத்துவர் அதில் அமர்ந்தார்.

முதல் ஆளும் அவர்தான், அடுத்த நூற்றாண்டு வரை கடைசி ஆளும் அவர்தான். காரணம், போர் முடிந்து ஜனநாயகக் கட்சியினர் மேரிலாந்தில் மறுபடி பலம் பெற்றதும், 1867இல் இன்னொரு அரசியலமைப்பை எழுதிவிட்டார்கள். அடிமை முறை திரும்ப வரவில்லை. ஆனால் துணை ஆளுநர் பதவி காலி. கவர்னர் இடம் காலியானால் மாற்று ஆளை சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும் என்று ஆனது.

*1969இல் என்னதான் நடந்தது?*

இந்த ஏற்பாடு ரொம்ப காலம் யாரையும் உறுத்தவில்லை. 1874இல் கவர்னர் பிங்க்னி வைட் அமெரிக்க செனட்டுக்குப் போனபோது ஒருவரை சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. 1885இல் கவர்னர் மெக்லேன் பிரான்சுக்குத் தூதராகப் போனபோது, செனட் தலைவர் ஹென்றி லாயிட் பொறுப்புக்கு வந்தார். ஜனநாயகக் கட்சி போனால் ஜனநாயகக் கட்சியே வரும் நிலைமை. அதனால் பிரச்னை வெளியே தெரியவில்லை.

தெரிய வைத்தவர் ஸ்பைரோ ஆக்னியூ. குடியரசுக் கட்சிக்காரர். 1966இல் கவர்னராக ஜெயித்தவரை, இரண்டே வருஷத்தில் ரிச்சர்ட் நிக்சன் தன் துணை அதிபர் வேட்பாளராக்கினார். அந்த ஜோடி ஜெயித்தது. 1969 ஜனவரி 7ஆம் தேதி ஆக்னியூ கவர்னர் பதவியை ராஜினாமா செய்தார். பதவிக்காலத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. அவர்கள் தங்கள் ஆளான, கீழவை சபாநாயகர் மார்வின் மாண்டெலைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டது குடியரசுக் கட்சி கவர்னருக்கு, ஆட்சிக்கு வந்தது ஜனநாயகக் கட்சி கவர்னர். நடுவில் ஒரு ஓட்டுச்சாவடி கூடத் திறக்கவில்லை. சட்டப்படி தப்பே இல்லை. அதுதான் சிக்கலே.

1970 நவம்பரில் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். கவர்னரும் துணை ஆளுநரும் ஜோடியாக நிற்க வேண்டும். வாக்காளர் அந்த ஜோடிக்கு ஒரே ஓட்டுப் போடுவார். கவர்னர் நடுவில் போனாலும் அதே ஜோடியில் ஜெயித்தவர்தான் வருவார். 1971 ஜனவரியில் பிளேயர் லீ துணை ஆளுநரானார்.

*அதிகாரம்? கவர்னர் பார்த்துக் கொடுத்தால் உண்டு*

ஆனால் ஒரு விஷயத்தில் மேரிலாந்து கறாராக இருந்தது. பழைய காக்ஸ் மாதிரி செனட்டுக்குத் தலைமை தாங்கும் உரிமை புது துணை ஆளுநருக்குக் கிடையாது. கவர்னர் ஒப்படைக்கும் வேலை மட்டும்தான் அவர் வேலை. ஒப்படைக்கவில்லையா? சும்மா இருக்க வேண்டியதுதான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1991இல் வரி உயர்வுத் திட்டம் ஒன்றில் கவர்னர் வில்லியம் டொனால்ட் ஷேஃபரோடு ஒத்துப்போகாத துணை ஆளுநர் மெல்வின் ஸ்டைன்பெர்க் ஓரங்கட்டப்பட்டார். மக்கள் ஓட்டில் ஜெயித்தவர்தான், ஆனாலும் கையில் வேலை இல்லை. அதற்கு முன்பு இருந்த சாமுவேல் போக்லி, கருக்கலைப்பு விவகாரத்தில் கவர்னர் ஹாரி ஹியூஸோடு முரண்பட்டார். 1982 தேர்தலில் ஹியூஸ் ஜோடியை மாற்றிக்கொண்டார்.

திருத்தம் வந்த பிறகு கவர்னர் நாற்காலியை நெருங்கியது பிளேயர் லீ மட்டும்தான். மாண்டெல் மீது ஊழல் வழக்கு வந்ததால், 1977 ஜூனில் லீ தற்காலிக கவர்னரானார். ஆகஸ்டில் மாண்டெல் குற்றவாளி எனத் தீர்ப்பு. 1979 ஜனவரியில் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானதும், பதவிக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாண்டெல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்! (அந்த ரத்தும் பின்னர் மாறி, அவர் சிறைக்குப் போனது தனிக்கதை. ஆக்னியூவும் 1973இல் வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி துணை அதிபர் பதவியை இழந்தார்.)

இன்னொரு ஆச்சரியம், மேரிலாந்தில் துணை ஆளுநராக இருந்த யாரும் பின்னால் தேர்தலில் ஜெயித்து கவர்னரானது கிடையாது. லீ 1978இல் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். ராபர்ட் கென்னடியின் மூத்த மகள் கேத்லீன் கென்னடி டவுன்சென்ட் 2002இல் தோற்றார். ஆந்தனி பிரவுன் 2014இல் தோற்றார்.

*மற்ற மாநிலங்களில் எப்படி?*

ஒவ்வொரு மாநிலமும் ஒரு ரகம். டெக்சாஸில் துணை ஆளுநர்தான் செனட்டை நடத்துகிறார், எந்த மசோதா எப்போது வரும் என்பதில் அவர் கை ஓங்கியிருக்கும். மேரிலாந்துக்குப் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் துணை ஆளுநருக்குத் தனி ஓட்டு. செனட்டில் இரு தரப்பும் சமமாக நின்றால் முடிவு அவர் கையில். 2025 நவம்பரில் அங்கு ஜெயித்த கஜாலா ஹாஷ்மியும் ஹைதராபாத்தில் பிறந்தவரே.

ஓரிகான், வயோமிங், மெய்ன், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலங்களில் இந்தப் பதவி இல்லை. அரிசோனாவிலும் இல்லாமல்தான் இருந்தது. அங்கு 2009இல் ஜனநாயகக் கட்சி கவர்னர் ஜேனட் நபோலிடானோ ஒபாமா அமைச்சரவைக்குப் போனதும், விதிப்படி குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலாளர் ஜேன் ப்ரூவர் கவர்னரானார். மேரிலாந்தில் நடந்ததன் தலைகீழ். 2022 நவம்பரில், 2026 தேர்தல் முதல் ஜோடியாகத் துணை ஆளுநரையும் தேர்ந்தெடுக்கும் திருத்தத்துக்கு அரிசோனா மக்கள் ஒப்புதல் அளித்தார்கள்.