சும்மா ஓடும் சர்வர்கள்

கெடா மாநிலம் கோலா கெத்திலில் உள்ள சூரிய மின் நிலையத்தின் திறன் 50 மெகாவாட். ஜொகூர், கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மைய வளாகமோ 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டது. கோலா கெத்தில் போன்ற பத்து நிலையங்கள் உச்சி வெயிலில் முழுமூச்சாக உழைத்தால்தான் அந்த ஒரு வளாகத்தின் பசி அடங்கும்.

இத்தனை மின்சாரமும் வேலைக்குத்தான் போகிறதா? கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்சிலும் 2007இல் எழுதிய கட்டுரை சங்கடமான விடை சொன்னது. சர்வர்கள் பெரும்பாலும் தம் திறனில் 10 முதல் 50 விழுக்காடுதான் உழைக்கின்றன. சிக்கனமான சர்வர்கூட, சும்மா இருக்கும்போதும் முழு வேலைக்கான மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுக்கிறது.

இந்த விரயத்தைக் குறைக்கக் கைகொடுப்பது கன்டெய்னர். ஒரு செயலியை, அது ஓடத் தேவையான கோப்புகளோடு பொட்டலமாகக் கட்டினால், ஒரே சர்வரில் பலவற்றை அருகருகே ஓட்டலாம். 2013இல் வந்த டாக்கர் இதை எளிதாக்கியது. எந்தப் பொட்டலம் எந்தச் சர்வரில் ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் குபர்னெட்டிஸை 2014இல் கூகுள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் குபர்னெட்டிஸில் நினைவகம், சிபியு ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் குறிக்கலாம்: எவ்வளவு ஒதுக்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம். சிக்கல் இங்கேதான். தீபாவளிப் பலகாரத்துக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் சுங்கை பட்டாணிக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எதற்கும் இருக்கட்டும் என்று 4 ஜிபி நினைவகம் ஒதுக்குகிறார்கள். மற்ற மாதங்களில் அரை ஜிபிக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஒதுக்கியது ஒதுக்கியதுதான், மீதி இடத்தை நம்பி குபர்னெட்டிஸ் வேறு எதையும் அங்கே ஏற்றாது. சர்வர் வாடகை மட்டும் ஓடும்.

உச்சவரம்பை இறுக்கினாலும் ஆபத்து. நினைவகம் வரம்பை மீறினால் கன்டெய்னர் கொல்லப்படும். பதிவில் 137 என்ற எண் மிஞ்சும். சிபியு வரம்பைத் தொட்டால் சாகாது, தளம் நத்தையாகிவிடும்.

சுமைக்கேற்ப கன்டெய்னர்களைத் தானே கூட்டும் வசதியும் உண்டு. வழக்கமான அமைப்பில் 15 நொடிக்கு ஒருமுறை சுமையைப் பார்க்கும். ஆனால் கூட்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2019 ஜூலை 10, உலகக் கிண்ணக் கிரிக்கெட் அரையிறுதி. இந்தியா–நியூசிலாந்து ஆட்டத்தை ஹாட்ஸ்டார் என்ற இணைய வீடியோத் தளத்தில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. ‘பேக்’ பொத்தானை அழுத்தியவர்கள் எல்லாரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுந்தார்கள். வீடியோச் சுமை சரிந்த கணத்தில் முகப்பின் சுமை எகிறியது. இதை அறிந்துதான் ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் வழக்கமான தானியங்கி முறையை நம்பாமல், ஆட்டத்துக்கு முன்பே சர்வர்களைத் தயாராக நிறுத்தி, பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்தார்கள்.

அமேசான் 2024 ஆகஸ்டில் தன் கிளவுட் சேவை மையங்களை மலேசியாவிலேயே திறந்தது. அங்கே தளம் நடத்துபவர்கள் இரண்டு வாரப் பயன்பாட்டை அளந்து, அதையொட்டி ஒதுக்கீட்டைத் திருத்தலாம். அதோடு நின்றால் பில் குறையாது. காலியான சர்வரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் தொடாத சோதனைத் தளங்களுக்கு இரவிலும் கட்டணம் ஓடுகிறது. வேலை முடிந்ததும் அவற்றை அணைக்கச் சொல்லுங்கள்.