பல்லைப் பிடுங்கியும் போகாத வலி: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா

இன்னிக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா பத்திப் பேசலாம். நடிகர் சல்மான் கான் 2011ல அமெரிக்கா போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டது இதுக்குத்தான்.

பல் தேய்ச்சா, முகம் கழுவினா, காத்து பட்டாக்கூட கன்னத்துல ஷாக் அடிக்கிற மாதிரி வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு தடவையும் சில நொடியிலிருந்து 2 நிமிஷம் வரை. சாப்பிடவே பயந்து இளைச்சுப் போறவங்க உண்டு. பல்வலின்னு நினைச்சு நல்ல பல்லைப் பிடுங்கிக்கிறவங்களும் உண்டு.

பல பேருக்குக் காரணம், மூளைத்தண்டு பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் முகத்தோட உணர்வு நரம்பை அழுத்துறது. நரம்போட உறை தேஞ்சுடும். இன்சுலேஷன் போன வயர்னு வச்சுக்கோங்க.

சாதாரண வலி மாத்திரை இதுக்குக் கேக்காது. முதல்ல கொடுக்கிறது கார்பமாசெபைன். வலிப்பு மருந்தாச்சேன்னு பயப்பட வேணாம். நீங்களா திடீர்னு நிறுத்தவும் வேணாம். தலைசுத்தல், தூக்கம் வரலாம். சோடியம் குறையலாம், அதனால ரத்தப் பரிசோதனை முக்கியம். ஆனா தோல்ல தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஆசியர்கள்ல சிலருக்கு இருக்கிற ஒரு மரபணுவால அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை போதலைன்னா எம்ஆர்ஐ பார்த்துட்டு, காதுக்குப் பின்னாடி திறந்து, ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவுல சின்னப் பஞ்சு வைப்பாங்க. நிவாரணம் ரொம்ப நாள் நிக்கும். ஆனா பெரிய ஆபரேஷன். காமா நைஃப், ரேடியோஃப்ரீக்வென்சி சுலபம். முகம் மரத்துப் போகலாம், வலி திரும்பவும் வரலாம்.

விழுப்புரம்காரங்க முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில முதல்ல காட்டலாம். திண்டிவனத்துலேருந்தும் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சை ரெண்டும் அங்க இருக்கு. எப்போ, எது பட்டு வலிச்சுதுன்னு ஃபோன்ல குறிச்சுட்டுப் போங்க. எக்ஸ்-ரேல பல் நல்லா இருக்குன்னா, பிடுங்குறதுக்கு முன்னாடி நரம்பு டாக்டரைப் பாருங்க.