ஆஸ்பெர்னில் ஒரு ராஜகுமாரர்

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நெப்போலியன் சரித்திரம் ஆஸ்டர்லிட்ஸில் ஏறி, மாஸ்கோவில் இறங்கி, வாட்டர்லூவில் முடிந்துவிடுகிறது. நடுவிலே ஆஸ்பெர்ன் என்றொரு கிராமம் இருப்பதைப் பாடப் புஸ்தகக்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வியன்னாவுக்கு எதிரே, டான்யூப் நதியின் வடகரையில் உள்ள அவ்வூரில் 1809-ம் வருஷம் மே மாதம் 21, 22 தேதிகளில் நெப்போலியனின் சைன்யம் மேலே செல்ல வகையின்றித் திரும்பிற்று. திருப்பியவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸிஸின் தம்பி, ராஜகுமாரர் சார்லஸ்.

1771-ல் பிளாரன்ஸ் நகரில் பிறந்த சார்லஸைக் காக்காய் வலிப்பு நோய் வருத்தி வந்தது. அரண்மனைப் பிள்ளைக்குச் சேனாதிபதிப் பதவி கிடைப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். 1796-ல், தமது 25-வது வயதில், அவர் அதற்கு விடை சொன்னார். ஜூர்தான், மோரோ என்ற இரு பிரெஞ்சுத் தளபதிகள் தனித்தனிச் சைன்யங்களுடன் ஜெர்மனிக்குள் புகுந்தார்கள். மோரோவுக்கு எதிரே ஒரு பகுதிப் படையை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றப் படையுடன் சார்லஸ் ஜூர்தான்மேல் பாய்ந்தார். ஆம்பெர்க்கிலும் வூர்ஸ்பர்க்கிலும் அடிபட்ட ஜூர்தான் ரைன் நதியை நோக்கி ஓடவே, தனித்துப்போன மோரோவும் வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

ஆயினும் யுத்தத்தைவிடச் சைன்யத்தைச் சீர்திருத்துவதிலேயே அவர் அதிக நாட்டங்கொண்டார் என்று தோன்றுகிறது. சிப்பாய் ஆயுள் முழுதும் பட்டாளத்தில் கிடக்கவேண்டும் என்ற பழைய விதி 1802-ல் நீங்கியது. 1808-ல் ஜனங்களிடையே லாண்ட்வேர் என்னும் உள்நாட்டுப் படை திரட்டப்பட்டது. இன்னும் அவகாசம் வேண்டும் என்று சார்லஸ் மன்றாடினார். அரண்மனையிலிருந்த யுத்தக் கட்சியாரோ அவசரப்பட்டார்கள். சண்டை வேண்டாம் என்றவரிடமே சண்டையை ஒப்படைத்தார்கள்! ஏப்ரலில் பவேரியாவில் தோல்வி. மே 13-ந் தேதி வியன்னாவும் விழுந்தது.

நதியைக் கடந்து சார்லஸை நசுக்கிவிட நெப்போலியன் விரைந்தான். லோபாவ் என்ற தீவின் வழியாகப் படகுப் பாலம் போட்டு, ஆஸ்பெர்ன், எஸ்லிங் என்ற இரு கிராமங்களைப் பற்றிக்கொண்டான். ஆல்ப்ஸ் மலையில் பனி உருகும் காலம், டான்யூபில் பெருவெள்ளம். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஆஸ்திரியர்கள் கல்லேற்றிய படகுகளையும் மரங்களையும் மிதக்கவிட்டார்கள். மிதக்கும் மாவுமில் ஒன்றைக்கூடத் தீ வைத்து அனுப்பினார்கள்! பாலம் திரும்பத் திரும்ப உடைந்தது. அக்கரையில் பட்டாளமும் வெடிமருந்தும் காத்துக்கிடக்க, இக்கரையில் ஆஸ்பெர்ன் பலமுறை கைமாறிற்று. எஸ்லிங்கிலிருந்த கல் தானியக் களஞ்சியத்தைப் பிரெஞ்சுக்காரர் கடைசிவரை விடவில்லை. பாய்ந்து வந்த பிரெஞ்சுக் குதிரைப்படையோ, நெருங்கி நின்ற ஆஸ்திரியக் காலாட்களைக் கலைக்க இயலாமல் திரும்பியது. சார்லஸ் பல வருஷம் பாடுபட்டுக் கொடுத்த பயிற்சியின் பலன் அன்று தெரிந்தது. இரு தரப்பிலும் 20,000 பேர் வீதம் மடிந்தும் காயமுற்றும் போயினர். நெப்போலியனின் பிராண சிநேகிதனான மார்ஷல் லான் பீரங்கிக் குண்டால் காலை இழந்து, சில தினங்களில் மாண்டான். 22-ந் தேதி இரவு சக்கரவர்த்தி தீவுக்குப் பின்வாங்கினான்.

இதற்கப்புறம் நடந்ததைப் படிக்கையில்தான் நமக்கு மனம் பொறுப்பதில்லை. ஆறு வாரம் சார்லஸ் அசையவில்லை! இருக்கும் ஒரே சைன்யம் அழிந்தால் ராஜ்யமே அழியும் என்று அவர் அஞ்சினார். சமாதானம் பேசலாம் என்றும் நம்பினார். அச்சம் நியாயமானதுதான். ஆனால் நெப்போலியன் அந்த ஆறு வாரத்தையும் வீணாக்கவில்லை. உறுதியான பாலங்கள் கட்டினான். புதுப் பட்டாளங்களைத் தருவித்தான். ஜூலை 5, 6 தேதிகளில் வாக்ரம் மைதானத்தில் சுமார் 3,00,000 பேர் மோதினார்கள். உதவிக்கு வரவேண்டிய தம்பி ஜான் வந்து சேர்ந்தபோது யாவும் முடிந்திருந்தது. சார்லஸ் போர்நிறுத்தம் செய்துகொண்டார்; தமையனாரின் கோபத்துக்கு ஆளாகி, அம்மாதத்திலேயே பதவியைத் துறந்தார். வயது 37. அதன்பின் 1847-ல் காலமாகும் வரையில் அவர் எந்தப் போர்க்களத்திலும் சைன்யத்தை நடத்தவில்லை. யுத்த சாஸ்திரம் எழுதினார்.

விதியின் விளையாட்டு ஒன்று பாக்கியிருந்தது. 1810 மார்ச்சில் பிரான்ஸிஸின் குமாரி மேரி லூயிஸை நெப்போலியனுக்கு விவாகம் செய்து கொடுத்தார்கள். வியன்னாவில் நடந்த சடங்குக்கு மாப்பிள்ளை வரவில்லை. அவன் ஸ்தானத்தில் நின்று மணப்பெண்ணின் கரம் பற்றியவர், அவளுடைய சிற்றப்பாவாகிய சார்லஸ்.