டேபிள் சா வாங்கும்போது அந்தப் பின்தகட்டைப் பாருங்கள்

இன்டீரியர் வேலை நடக்கும் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஏற்பாடு இது. ஒரு பிளைவுட் பலகையில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, அடியில் மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருகியிருப்பார்கள். மேலே நான்கு இன்ச் மர பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும். சுவிட்சை அழுத்திய நிலையிலேயே இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பதால், நிறுத்துவதற்குப் பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். கைடு என்ற பெயரில் ஒரு மரச்சட்டமும் இரண்டு ஆணிகளும் இருக்கும். செலவு சில ஆயிரம்தான், பையில் போட்டு எடுத்துப் போய்விடலாம். கடையில் விற்கும் டேபிள் சாவின் விலையோ இதைப் போலப் பல மடங்கு.

“சின்ன பிளேடுதானே” என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து இன்ச், அதாவது 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுழன்றால், அதன் பல் நொடிக்குச் சுமார் 64 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 230 கிலோமீட்டர். மார்பிள் கட்டரின் 110 மி.மீ. பிளேடு 12,000 சுற்று சுழலும்போது அதன் பல்லின் வேகம் நொடிக்கு 69 மீட்டர். சின்னதுதான் இன்னும் வேகமாக ஓடுகிறது. போதாததற்கு, கையில் பிடித்து ஓட்டும் கருவியாகச் செய்யப்பட்டதைக் கவிழ்த்துப் போட்டதும், அதோடு வந்த பாதுகாப்பு எதுவும் பயன்படாமல் போகிறது.

விரல் போவது பெரும்பாலும் கை தவறியதால் என்று நினைக்கிறோம். பல விபத்துகளில் முதலில் தவறுவது மரம். நெடுக்காகக் கிழிக்கும்போது தேக்குச் சட்டத்துக்குள் இருக்கும் இறுக்கம் விடுபட்டு, அறுத்த இடைவெளி பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி வருபவை. அவை கட்டையைக் கவ்வித் தூக்கி, தள்ளுகிறவரின் வயிற்றை நோக்கி வீசும். இதைத்தான் கட்டை உதைக்கிறது என்கிறோம். அழுத்திப் பிடித்திருந்த கை, பிடிமானம் போனதும் நேராக பிளேடின் மேல் விழுகிறது. யோசித்துக் கையை இழுப்பதற்கு நேரமே இருக்காது.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் வளைந்த தகடு ஒன்று நிற்கிறது. ரிவிங் நைஃப் என்பார்கள். நாம் பின்தகடு என்று வைத்துக்கொள்வோம். அறுத்த இடைவெளிக்குள் நுழைந்து நின்று அதை மூட விடாது. பிளேடை ஏற்றினால் கூடவே ஏறும், இறக்கினால் இறங்கும், சாய்த்தால் சாயும். அதன் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும் பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். எந்த அளவு பிளேடுக்கு ஏற்றது என்று நல்ல மிஷின்களில் அந்தத் தகட்டின் மேலேயே பொறித்திருப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய பிளேடு வாங்கிப் போட்டால், மரம் வந்து தகட்டில் முட்டி நிற்கும். உடனே “இது இடைஞ்சல்” என்று தகட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறோம். தப்பு பிளேடினுடையது, தண்டனை தகட்டுக்கு.

ஆகவே கடையில் மோட்டாரின் வாட்டைக் கேட்பதற்கு முன்னால் பின்தகட்டையும் பிளேடு மூடியையும் கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக்கோ பின்பலகைக்கோ காடி எடுக்கும்போது மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்பேனர் தேடிக் கழற்ற வேண்டிய மூடி, ஒருமுறை கழன்றால் திரும்ப ஏறாது. சைட்டில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். நெம்புகோலை விலக்கினால் மூடி தனியே வர வேண்டும். பின்தகடு கழலாமல் பிளேடின் உச்சிக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். அப்படிப்பட்ட மிஷினாக இருந்தால் காடி எடுக்கும்போதும் அந்தத் தகடு அதன் இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது கைடு. முன்பக்கமும் பின்பக்கமும் பிளேடிலிருந்து டேப் வைத்து அளந்து பாருங்கள். பின்பக்கம் ஒரு மில்லி குறைந்தாலும் கட்டை பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே இறுகும். உதை அங்கிருந்தும் வரும். கிச்சன் கப்போர்டுப் பலகைகளை அறுப்பவருக்குக் கைடு இரண்டு அடியாவது விலக வேண்டும். எடை இருபது கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடுவதால், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையைக் கடைக்காரர் முன்னாலேயே செய்துவிடலாம். மிஷினை ஓடவிட்டு, சுவிட்சைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடு நின்றதும், எட்டி நின்று மறுபடி செருகுங்கள். தானாகச் சுழன்றால் அது வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், பிளேடின் மேல் கை வைத்துத் தூசி தட்டும் நேரத்தில் கரண்ட் வந்தால் என்ன ஆகும்? நிறுத்தும் பொத்தான் பெரிதாக, முழங்காலால் தட்டினாலே அணைவதாக இருக்கட்டும்.

2,000 வாட் மிஷின் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் ஒயரின் இரு முனைகளைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவதெல்லாம் இதற்கு ஆகாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், எர்த் பின்னோடு கூடிய 2.5 சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷன் ஒயரும், லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும். தள்ளுகோல் இல்லாமல் குறுகிய சட்டத்தைக் கிழிக்காதீர்கள். கையுறை, தொங்கும் துண்டு, மணிக்கட்டில் கட்டிய கயிறு மூன்றும் பிளேடு பிடித்து இழுப்பதற்குத் தோதானவை. முகக்கவசம் அவசியம்: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990களிலேயே வகைப்படுத்திவிட்டது.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பதற்கு மயங்க வேண்டாம். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்கு செல்லாது என்று சில கடைகளில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்குகிறது. சொந்தக் கையால் வேலை செய்யும் ஆசாரி அதில் அடங்குவார். வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராமல் விட்டிருந்தாலும், அதனால் காயம் ஏற்பட்டால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க முடியும். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் விபத்து நேரத்தில் பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. கழற்றி மூலையில் போட்ட தகடு இங்கேதான் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நிற்கும்.

கூலிக்கு வேலை செய்பவருக்கும் இதே சிக்கல் உண்டு. வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்ட அட்டவணையில் கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. அந்தச் சட்டத்தின் கீழ் கணக்குக்கு எடுத்த சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்தக் கணக்கின்படி முப்பது வயதுக்காரரின் கட்டைவிரலுக்குச் சுமார் 5,61,000 ரூபாய் வரும். மருத்துவச் செலவு தனி. பாதுகாப்புக்கென்று கொடுத்த சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே, வேண்டுமென்றே கழற்றியதால் காயம் என்றால், உயிரிழப்போ முழு நிரந்தர ஊனமோ இல்லாதவரை இழப்பீடு மறுக்கப்படலாம். விரல் இழப்பு இந்த விதிவிலக்குக்குள் வந்து விழுகிறது. “கொடுத்த சாதனம்” என்பதைக் கவனியுங்கள். கவிழ்த்து வைத்த மார்பிள் கட்டரில் மூடியே கொடுக்காத காண்ட்ராக்டர் இந்த வாதத்தை வைக்க முடியாது. பில்டர் தன் தொழில் சார்ந்த வேலையைச் சப்-காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தால், பில்டரிடமே நேராகக் கேட்கவும் வழி உண்டு.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். கயிறு, ரப்பர் கட்டி இறுக்க வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான நீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டுவிடும். 108ஐ அழைக்கும்போதே ஒட்டுச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்று கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற பிரிவு இருக்கிறது.

அங்கே போனதும் “வீட்டில் கீழே விழுந்துவிட்டான்னு சொல்லிடு, செலவை நான் பார்த்துக்கறேன்” என்று யாராவது காதில் சொல்லக்கூடும். சொல்லாதீர்கள். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எந்த சைட், என்ன மிஷின், யாரிடம் வேலை என்று முதலில் எழுதப்படுவதுதான் வழக்கின் அடித்தளம். அந்த ஏ.ஆர். நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் ஜிபே வரவு, வாட்ஸ்அப்பில் வந்த சைட் முகவரி, மேஸ்திரியின் வருகை நோட்டு ஆகியவை சான்றாகும். மிஷினையும் இருந்த நிலையிலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் அங்கே புது மூடி முளைத்திருக்கலாம்.

இழப்பீட்டு மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த மாவட்டத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. சென்னையில் விரலை இழந்து ஊர் திரும்பிவிட்ட தென்காசிக்காரரோ பீகார்க்காரரோ தான் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனு கொடுக்கலாம்.