கித்தான் தையல்: நூலில் தொடங்குவோம்

நெய்த துணியை நெய்தபடியே விற்காமல், பொருளாகத் தைத்து விற்றால் அங்கத்தினருக்குக் கூலியும் சங்கத்திற்கு இலாபமும் கூடும் என்ற எண்ணம் பல சங்கங்களில் எழுந்திருக்கிறது. எண்ணம் நல்லதே. நெற்குவியலை மூடும் படுதா, லாரியின் மேற்போர்வை, காய்கனி பறிப்போர் தோளில் மாட்டும் பை, கூடாரம், முதுகுப்பை ஆகியவை யாவும் தடித்த துணியில் ஆனவை. வெயிலிலும் மழையிலும் உழைப்பவை. ஆனால் சட்டையில் தையல் விட்டால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். படுதாவில் விட்டால் நெல் நனைந்துவிடும். அரசுக் கொள்முதலில் நெல்லுக்குரிய பொதுவான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுவடையின் இறுதியில் மழை குறுக்கிடும்போது, அந்த வரம்புக்குள் நெல்லைக் காப்பது படுதாவே. ஆகவே இத்தொழிலில் தையலின் உறுதி ஒரு குடும்பத்தின் வருவாயைப் பற்றிய விஷயமாகும்.

நாம் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் காணும் குறை ஒன்றுண்டு. முதலில் இயந்திரம் வாங்கப்படுகிறது. பிறகு அதற்குப் பொருந்தும் ஊசி தேடப்படுகிறது. கடைசியில் அந்த ஊசியில் நுழையும் நூல் கொண்டு காரியம் முடிக்கப்படுகிறது. வரிசை தலைகீழாக இருத்தல் வேண்டும். பொருள் என்ன வேலை செய்யப்போகிறது என்பது நூலைத் தீர்மானிக்கும். நூல் ஊசியைத் தீர்மானிக்கும். நூலும் ஊசியும் துணியின் கனமும் சேர்ந்து இயந்திரத்தைத் தீர்மானிக்கும்.

நூலைப் பற்றி நெசவாளருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெசவு நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தையல் நூலைக் குறிக்கும் ‘டெக்ஸ்’ கணக்கு இதற்கு நேர்மாறானது: 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். 20-ஆம் நம்பர் பருத்தி நூல் ஏறத்தாழ 30 டெக்ஸ் ஆகும். முதுகுப்பைக்கும் நடுத்தரக் கித்தானுக்கும் 70 டெக்ஸ், அதாவது 630 டெனியர், ஏற்றது. கனத்த படுதாவுக்கும் சுமை தாங்கும் வார்களுக்கும் 90 முதல் 135 டெக்ஸ் வரை தேவைப்படும்.

இழையின் இனமும் முக்கியம். பருத்தி நூல் நனைந்தால் பருத்து ஊசித்துளையை அடைக்கும். ஆயினும் ஈரத்திலேயே மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். நைலான் வலுவானது, இழுவைக்கு நெகிழ்ந்து கொடுப்பது; ஆனால் நீண்ட நாள் வெயிலுக்கு ஆற்றாது. பாலியெஸ்டர் வெயிலை அதனினும் நன்கு தாங்கும். எனவே திறந்த வெளியில் கிடக்கும் பொருளுக்குப் பாலியெஸ்டர் நூலே தக்கது. பருத்திக் கித்தானுக்கு, நடுவே பாலியெஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூல் இரு நன்மைகளையும் தரும். பொதுவான தையல் இயந்திரங்களுக்கு ‘இஸட்’ முறுக்கு நூலே பொருந்தும். எதிர்முறுக்கு நூல் ஓடும்போதே பிரிந்து அறும்.

அடுத்தது ஊசி. ஊசி உறையில் 110/18 என்று இரு எண்கள் இருக்கும். முன்னது தண்டின் குறுக்களவு; 110 என்றால் 1.1 மில்லிமீட்டர். பின்னது பழைய வழக்கிலுள்ள எண். 70 டெக்ஸ் நூலுக்கு 100 அல்லது 110, 90 டெக்ஸுக்கு 110 அல்லது 120, 135 டெக்ஸுக்கு 125 முதல் 140 வரை பொருந்தும். எளிய சோதனை ஒன்று: ஒரு முழ நூலை ஊசிக்காதில் கோத்து, சாய்வாக இழுத்துப் பிடித்தால், ஊசி தானே வழுக்கி இறங்க வேண்டும். இறங்காவிடில் காது சிறியது. தோலுக்குரிய வெட்டுமுனை ஊசியைத் துணியில் இடலாகாது. அது பாவையும் ஊடையையும் அறுத்துவிடும். தையலை நெருக்கமாக இட்டால் வலுக்கூடும் என்பதும் தவறு. தபால் தலைத் தாளின் துளைகளைப் போல் அது துணியைக் கிழிய வைக்கும். கனத்த துணிக்கு அங்குலத்திற்கு 5 முதல் 7 தையல் போதுமானது.

இனி இயந்திரம். வீட்டிலுள்ள இரும்பு மிதி இயந்திரத்தை இகழ வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால், 110 ஊசியும் 70 டெக்ஸ் நூலும் கொண்டு சில மடிப்புக் கித்தானை அது தைக்கும்; பை வேலைக்குத் தொடக்கத்தில் அதுவே போதும். அதன் குறை வேறிடத்தில் உள்ளது. அடியிலுள்ள பல் கீழ்த்துணியை மட்டுமே நகர்த்துவதால் மேல்துணி பின்தங்கும். நீண்ட படுதாவில் இரு ஓரங்களும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். பல்லும் ஊசியும் மேற்பாதமும் ஒன்றாக நடந்து துணியை நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ இயந்திரத்தில் இக்குறை இல்லை. படுதா தைக்கும் சங்கத்திற்கு இதுவே முறையான முதலீடு. ‘ஹெவி டியூட்டி’ என்ற சொல்லையும், நிமிடத்திற்கு ஓடும் தையல்களின் எண்ணிக்கையையும் கண்டு மயங்குதல் கூடாது. வேகம் வேறு, துளைக்கும் வலிமை வேறு. மெதுவாகத் தொடங்கி அழுத்தமாக ஓடும் ‘சர்வோ’ மோட்டார் கனத்த வேலைக்கு உகந்தது. ஓய்வு நேரத்தில் மின்சாரத்தையும் வீணாக்காது.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் நிர்வாகக் குழுவினர் செய்ய வேண்டியவை இவை. சங்கத்தின் துணியையும் நூலையும் உடன் எடுத்துச் செல்க. இரண்டு மடிப்பிலிருந்து எட்டு மடிப்பு வரை, திண்டு ஏறி இறங்குமாறு மெதுவாகத் தைத்துப் பார்க்க. தையல் தாவக் கூடாது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னும் முடிச்சு துணியின் நடுவே மறைந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் தைத்த பின் இரு துணிகளின் முனைகளும் சமமாக முடிகின்றனவா என்று காண்க. ஊசிகள் எல்லா இயந்திரத்திற்கும் பொருந்துவன அல்ல. ஆகவே இவ்வியந்திரத்தின் ஊசி, பாபின், உதிரிப்பாகங்கள் பக்கத்து நகரில் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் உண்டா என்பதைக் கேட்டு, மூன்று விலைப்புள்ளிகளை எழுத்தில் பெறுக. தைக்கப்போகும் அங்கத்தினரையே சோதனைக்கு அமர்த்துதல் மிக நன்று. இயந்திரத்தோடு நாள் முழுதும் உழைக்கப்போகிறவர் அவரே.

இயந்திரத்திற்காக வாங்கும் கடனின் தவணை, வேலை வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டியது. ஆகையால், இருக்கும் இயந்திரத்தில் சரியான நூலும் ஊசியும் இட்டுச் சில பைகளைத் தைத்து, ஒரு மழைக்காலம் அங்கத்தினரின் வயலிலேயே உழைக்கவிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. தையல் நின்றால் கேட்பவர் தாமே வருவர். அந்தக் கேட்பைக் கணக்கிட்டுப் பெரிய இயந்திரத்திற்குத் தீர்மானம் நிறைவேற்றினால், பங்குப் பணமும் பத்திரமாயிருக்கும். சங்கத்தின் பெயரும் நிலைக்கும்.